கைராசி இல்லாமல் ஓடும் வண்டி

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இவ்விடம் நான் நலம், தங்கள் தங்கை நலம், வண்டியும் நலம். மூன்றாவதாக எழுதியிருப்பதைத் தாங்கள் இன்னொரு முறை படித்துக்கொள்ளலாம். வண்டி என் கைக்கு வந்த பிறகு நான் போட்ட எந்தக் கடிதத்திலும் 'வண்டி நலம்' என்ற சொற்கள் இடம்பெற்றதில்லை. இதில் இடம்பெறுகின்றன. அங்கே தாங்களும் வீட்டில் அனைவரும் அதேபோல் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

முதலில் ஒரு விளக்கம் சொல்லிவிடுகிறேன். எனக்கு எந்த ஆபரேஷனும் நடக்கவில்லை. என் வயிறு பிறந்தபோது எப்படி மூடியிருந்ததோ அப்படியே இன்றும் மூடியிருக்கிறது. போன வாரம் தொலைபேசியில் என் குரலைக் கேட்டதும் தாங்கள், "மாப்பிள்ளை, பேசாதீங்க, தையல் பிரிஞ்சிடும்" என்று சொல்லிவிட்டு, நான் மறுத்துப் பேசப் பேச விசும்பி, கடைசியில் வைத்தே விட்டீர்கள். என்மேல் தங்களுக்கு இத்தனை பாசம் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. அதற்கு நன்றி. ஆனால் திறக்கப்பட்டது என் வயிறு அல்ல, வண்டியின் பெட்ரோல் டேங்க். திறந்தவர் சர்ஜன் என்பது உண்மைதான், ஆனால் அவர் தொழிலால் வெல்டர். இது எப்படி இப்படிக் குழம்பியது என்று ஆரம்பத்திலிருந்து சொன்னால்தான் விளங்கும்.

மாமனார் காலமான பிறகு அவருடைய பச்சைக் கார் வண்டியைத் தாங்கள் என் வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிட்டுச் சொன்னது நினைவிருக்கும். "ஓடுச்சுன்னா நீங்களே வெச்சுக்குங்க மாப்பிள்ளை. நம்பி ஏற முடியலைன்னா சொல்லுங்க. ஓட்டல்காரர் ஒருத்தர் விடாம கேட்டுக்கிட்டிருக்காரு" என்றீர்கள். அந்த ஓட்டல்காரர் எதற்குக் கேட்கிறார் என்பதையும் சொன்னீர்கள். இன்ஜினைக் கழற்றிப் போட்டுவிட்டு, வண்டியை ஓட்டலின் முன்கூடத்தில் பூந்தொட்டிகளுக்கு நடுவே நிறுத்துவாராம். வருகிறவர்கள் சாய்ந்து நின்று படம் எடுத்துக்கொள்வார்களாம். அதைக் கேட்டதும் தங்கள் தங்கை, முகம் கழுவிக்கொண்டு வருகிறேன் என்று உள்ளே போனாள். தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது, ஆனால் வெகுநேரம் அவள் வரவில்லை. தன் அப்பா துடைத்துத் துடைத்து வைத்திருந்த வண்டி பூந்தொட்டியோடு பூந்தொட்டியாக நிற்பதை அவளால் தாங்க முடியாது என்று எனக்குப் புரிந்தது. இந்த வண்டியை நம்பி ஏறக்கூடிய வண்டியாக ஆக்கியே தீருவது என்று அந்த நிமிடமே முடிவு செய்தேன்.

நான் சும்மா ஆள் இல்லை என்பது தங்களுக்குத் தெரியும். மருந்துப் புட்டித் தொழிற்சாலையில் மூடிப் பிரிவில் சேர்ந்து, மூடிப் பிரிவிலேயே மேற்பார்வையாளராகி, மூடிப் பிரிவிலிருந்தே ஓய்வு பெற்றவன். இருமல் மருந்து குடித்த ஜனங்களுக்கு என்னைத் தெரியாது; ஆனால் அந்தப் புட்டியைப் பையில் தலைகீழாகப் போட்டுக்கொண்டு பயணம் போனவர்கள் யாரும் துணி நனைந்து இறங்கியதில்லை என்றால் அதற்குக் காரணம் நான். ஆகவே வண்டி வந்த அன்று, தெருவில் இருந்தவர்களெல்லாம் டயரை உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது, நான் நேராகப் பின்னால் போய் பெட்ரோல் டேங்க்கின் மூடியைக் கழற்றினேன். பார்த்தால், மூடியின் நடுவே ஊசிமுனை அளவில் ஓர் ஓட்டை! துரு அரித்திருக்க வேண்டும். மாமனாரை நான் குறை சொல்ல மாட்டேன், அவர் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர், மூடிகளைப் பற்றி அவருக்கு என்ன தெரியும். தொழிற்சாலையிலிருந்து விடைபெற்றபோது ஞாபகார்த்தமாக வாங்கி வந்த அரக்குக் கட்டி ஒன்று என் மேசை இழுப்பறையில் இருந்தது. அதை உருக்கி ஓட்டையை அடைத்து, சூடு ஆறுவதற்குள் விரலால் தேய்த்து வழவழவென்று ஆக்கி, மூடியைத் தண்ணீருக்குள் அமுக்கி ஊதிப் பார்த்தேன். ஒரு குமிழிகூட வரவில்லை. ஓய்வு பெற்ற பிறகு என் கைக்கு வந்த முதல் உருப்படியான மூடி அது. வண்டிக்கு நான் செய்த முதல் நல்ல காரியமும் அதுதான்.

இருந்தும் வண்டி நின்றது. கிளம்பும்போது நன்றாகத்தான் கிளம்பும். கொஞ்ச தூரம் போனதும் ஒரு விக்கல், அப்புறம் ஒரு இருமல், அப்புறம் மௌனம். முதல் தடவை ரயில்வே கேட்டில் நின்றது. ரயில் போய்விட்டது, கேட்டைத் தூக்கிவிட்டார்கள், எதிர்ப்பக்கத்துச் சைக்கிள்கள்கூட எங்களைத் தாண்டிப் போய்விட்டன, நான் சாவியைத் திருகிக்கொண்டே இருக்கிறேன். பின்னாலிருந்த லாரிக்காரர் ஹாரனிலேயே என்னைத் திட்டினார். தங்கள் தங்கை இறங்கினாள். "பெட்ரோல் இருக்கான்னு பாக்கறேன்" என்று பின்னால் போய் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்து, மூடிவிட்டு வந்து உட்கார்ந்தாள். "இருக்கு. இப்பப் போடுங்க" என்றாள். போட்டேன். கிளம்பிவிட்டது! நான் அவ்வளவு நேரம் திருகியதன் பலன் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த தடவை பாலத்தின் நடுவில் நின்றது. அவள் இறங்கி மூடியைத் திறந்து மூடினாள், கிளம்பியது. அதற்கடுத்த தடவைதான் என் மானம் கப்பலேறியது. எங்கே நின்றது என்கிறீர்கள்? என் தொழிற்சாலையின் வாசலில், ஷிப்டு முடிந்து எல்லோரும் வெளியே வரும் நேரத்தில். என் கீழே வேலை பார்த்தவர்கள், மூடியை எப்படித் திருக வேண்டும் என்று என்னிடம் பாடம் கேட்டவர்கள், "சார் வண்டி, சார் வண்டி" என்று ஓடிவந்து தள்ளினார்கள். தெருவின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரைக்கும் தள்ளினார்கள். நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, வழியில் தெரிந்தவர்களுக்கெல்லாம் தலையசைத்துக்கொண்டு போனேன். வண்டி மூச்சே விடவில்லை. கடைசியில் பின்னாலேயே நடந்து வந்த தங்கள் தங்கை, "கொஞ்சம் தள்ளுங்கப்பா" என்று அவர்களை விலக்கிவிட்டு, மூடியைத் திறந்தாள், மூடினாள். "இப்பப் போடுங்க." உடனே கிளம்பியது. அத்தனை பேரும் கைதட்டினார்கள். என் இடத்தில் இப்போது மேற்பார்வையாளராக இருக்கிறவன், நான் வளர்த்துவிட்டவன், என் கண் முன்னாலேயே, "அம்மாவுக்குத் தங்கமான கைராசி சார்!" என்றான்.

அன்றிலிருந்து பிடித்தது சனியன். கைராசி, கைராசி, கைராசி! மாடி வீட்டுத் தையற்காரம்மா, நூல் அறுந்துகொண்டே இருக்கும் தன் மெஷினை ஒருமுறை தொட்டுவிட்டுப் போகச் சொன்னார். எதிர்வீட்டுக்காரர் தண்ணீர் மோட்டார் போடுவதற்கு முன்னால், "அக்கா, ஒரு சுவிட்சு" என்று கூப்பிட ஆரம்பித்தார். மருந்துக்கடைக்காரர் கடை திறக்கும் நேரத்தில் இவள் அந்தப் பக்கம் போனால் ஷட்டரில் கையை வைக்கச் சொல்லிவிட்டுத்தான் தூக்கினார். வாசலில் என் பெயர்ப்பலகை மாட்டியிருக்கிறது, பித்தளையில், நானே பாலிஷ் போடுவது. ஆனாலும் புதிதாக வந்த தபால்காரர் வீட்டைத் தேடியபோது தெருவில் காட்டிய அடையாளம், "கைராசி அம்மா வீடா? அதோ பச்சை வண்டி நிக்குதே" என்பது. மைத்துனரே, ஓர் இயந்திரம் காரணகாரியத்தால் ஓடுகிறது. அதைத் தங்கள் தங்கையின் உள்ளங்கை ஓட்டுகிறது என்று ஊரே சொன்னால், ஆயுள் முழுவதும் தரக்கட்டுப்பாட்டில் இருந்த ஒருவனுக்கு எப்படி இருக்கும்?

இதைவிடக் கொடுமை, நானே அதை நம்புகிறவன்போல் நடக்க வேண்டியிருந்ததுதான். வண்டியை எடுக்கும்போதெல்லாம் அவளையும் ஏற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று. முடிவெட்டப் போனால் வெளியே வண்டியில் அவள். பல் மருத்துவரிடம் போனால் அங்கேயும் அவள். பேப்பர் கடைக்குப் போகக்கூட, "நீயும் வா" என்று கூப்பிட வேண்டும். அவளும் ஒருநாள்கூட முகம் சுளித்ததில்லை, எனக்கு வேலை இருக்கிறது என்று சொன்னதில்லை. நான் சட்டை மாட்டிக்கொண்டு வருவதற்குள் புடவை மாற்றிக்கொண்டு, கொண்டை போட்டுக்கொண்டு, முன் சீட்டில் கண்ணாடியை இறக்கிவிட்டு உட்கார்ந்திருப்பாள். வழியெல்லாம் எதையாவது காட்டிப் பேசிக்கொண்டே வருவாள். வண்டி நின்றால் இறங்குவாள், திறப்பாள், மூடுவாள், ஏறிக்கொள்வாள். அவள் பொறுமையை நான் மெச்சுகிறேன். ஆனால் கைராசியை நம்பி ஒரு வண்டியை வைத்துக்கொள்ள முடியுமா? அவளுக்கு ஒருநாள் காய்ச்சல் வந்தால் வண்டிக்கும் விடுமுறையா? ஓட்டல்காரர் மாதக் கடைசியில் வந்து பார்க்கப் போகிறார் என்று தாங்கள் எழுதியதும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

உட்கார்ந்து யோசித்தேன். வண்டி எங்கெங்கே நிற்கிறது? ரயில்வே கேட்டுக்கு முன்னால் ஒரு வளைவு. பாலத்துக்கு முன்னால் ஒரு வளைவு. தொழிற்சாலைக்கு முன்னால் ஒரு வளைவு. பளிச்சென்று விளங்கிவிட்டது. வளைவில் திரும்பும்போது டேங்க்குக்குள் பெட்ரோல் ஓர் ஓரமாகப் போய் ஒதுங்குகிறது, உறிஞ்சும் குழாயின் வாய் அந்தரத்தில் நிற்கிறது, பெட்ரோலுக்குப் பதிலாகக் காற்றை உறிஞ்சுகிறது, இன்ஜின் பட்டினியில் மயங்குகிறது. காற்று! புட்டியானாலும் டேங்க்கானாலும் காற்றுதான் முதல் எதிரி என்று தொழிற்சாலையில் எத்தனை தடவை சொல்லியிருப்பேன். இதைத் தங்கள் தங்கைக்கு விளக்குவதற்காகப் பெரிய தட்டில் தண்ணீர் ஊற்றி, உறிஞ்சுகுழலை வாயில் வைத்துக்கொண்டு, சாப்பாட்டு மேசையைச் சுற்றி வேகமாக ஒரு வளைவு வளைந்தேன். தண்ணீர் நான் சொன்னபடியே ஓரமாகப் போனது. அதோடு நிற்காமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்த தையற்காரம்மாவின் மடிக்கும் போனது. தங்கள் தங்கை துண்டை எடுத்து அவரிடம் கொடுத்துவிட்டு, "வளைவு இல்லாத ரோடு எங்கங்க இருக்கு?" என்று கேட்டாள். அதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க எனக்கு நேரமில்லை, சட்டையை மாட்டிக்கொண்டு சர்ஜனிடம் கிளம்பினேன்.

சர்ஜன் என்பவர் சந்தைக்குப் பின்னால் தகரக் கூரைக்கு அடியில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார். எந்த வண்டி போனாலும், "பேஷண்ட்டை உள்ள கொண்டாங்க" என்பார், அதனால் அந்தப் பெயர். வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு டேங்க்கைத் தட்டித் தட்டிக் காதை வைத்துக் கேட்டார். பிறகு வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டு, "வயசான உடம்பு சார். மேலருந்து பாத்து ஒண்ணும் சொல்ல முடியாது. வயித்தைத் திறந்துதான் பாக்கணும்" என்றார். நான் என் திட்டத்தைச் சொன்னேன். டேங்க்குக்குள் குறுக்கே தடுப்புகள் வேண்டும், பெட்ரோல் ஒரே பக்கமாக ஓடக் கூடாது. அடியில் ஒரு கிண்ணம் வேண்டும், கடைசிச் சொட்டும் அதில் வந்து தேங்க வேண்டும், குழாயின் வாய் அந்தக் கிண்ணத்துக்குள் இருக்க வேண்டும். அவர் என்னை மேலும் கீழும் பார்த்து, "சார் இன்ஜினீயரா?" என்றார். "மூடி" என்றேன். அவருக்குப் புரியவில்லை, இருந்தாலும் மரியாதையாகத் தலையாட்டினார்.

வீட்டுக்கு வந்து வாசலிலேயே நின்று, "சர்ஜன் வயித்தைத் திறந்துதான் ஆகணும்னுட்டார். புதன்கிழமை அட்மிட்" என்று தங்கள் தங்கையிடம் சொன்னேன். அது மாடியில் தையற்காரம்மா காதில் விழுந்திருக்கிறது. சாயங்காலத்துக்குள் வீடு நிறைய ஆட்கள். ஆளுக்கொரு பை ஆப்பிள். நான், டேங்க்கைப் பற்றிக் கேள்விப்பட்டு இத்தனை பேர் வந்திருக்கிறார்களே, ஒரு வண்டிக்காக ஊர் இப்படி உருகுகிறதே என்று பூரித்துப் போனேன். மருந்துக்கடைக்காரர் என் அருகில் உட்கார்ந்து தாழ்ந்த குரலில், "எங்க சார் பிரச்சினை?" என்றார். "பின்பக்கம். அடியில. பல வருஷத்துத் துரு, எல்லாம் மண்டியா இறங்கியிருக்கு. சுரண்டி எடுக்கணும்" என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "புதுசா ஒரு கிண்ணம் வெக்கறாங்க" என்றேன். அவர் மனைவி எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார். எதிர்வீட்டுக்காரர் ரத்தம் கொடுப்பதற்குச் சட்டைக் கையை மடித்துக்கொண்டே உள்ளே வந்தார். அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. எல்லோரையும் கூட்டிப்போய் வண்டியைக் காட்டி விளக்கிய பிறகு, ஆப்பிளைத் திரும்ப எடுத்துக்கொள்வதா வேண்டாமா என்று தெரியாமல் முகத்தில் அசடு வழிய நின்றார்கள். அதற்குள் யாரோ தங்களுக்குத் தொலைபேசியில் சொல்லியிருக்கிறார்கள். அதுதான் நடந்தது.

ஆபரேஷனுக்கு முன்னால் டேங்க்கைக் கழுவும் பொறுப்பு என்னுடையது. "ஒரு சொட்டு இல்ல சார், பெட்ரோல் வாசம் இருந்தாக்கூட நான் நெருப்பைப் பக்கத்துல கொண்டு போக மாட்டேன். அப்புறம் நான் நெஜ சர்ஜன்கிட்ட போகணும்" என்று சர்ஜன் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். டேங்க்கைக் கழற்றிக் கொல்லைப்புறத்தில் வைத்து, துணி துவைக்கும் தூளைப் பாக்கெட்டோடு கொட்டி, தண்ணீர் விட்டு, என் மூடியால் இறுக மூடி, நானும் எதிர்வீட்டுக்காரரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் குலுக்கினோம். அவர் சட்டையில் ஒரு துளி படவில்லை. "என்னா மூடி சார் இது!" என்று அவரே வியந்தார். அதற்குப் பிறகு மூடியைத் திறந்ததுதான் தப்பு. நுரை பீறிட்டு என் கண்ணாடியை மறைத்து, கொல்லையை நிறைத்து, சுவரோரமாக நடந்து தெருவுக்கே போய்விட்டது. தெருக்கோடியில் ஒரு பூனை முழங்கால் நுரையில் நின்றுகொண்டு என்னையே பார்த்தது. அலசி அலசித் தண்ணீர் தெளிந்து, வாயைத் திறந்துபோட்டு நாள்கணக்கில் காயவைத்து, வாசம் போய்விட்டது என்று தையற்காரம்மா சான்று கொடுத்த பிறகே டேங்க்கைப் பட்டறைக்கு ஏற்றினேன். மூடியை மட்டும் கொடுக்கவில்லை. "மூடி எங்க சார்? அதையும் பாத்துடலாம்" என்று சர்ஜன் கேட்டார். "மூடி என் டிபார்ட்மென்ட். அதுல பாக்க ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டேன். அவர் வேலையில் நான் தலையிடவில்லை, என் வேலையில் அவரை ஏன் விட வேண்டும்?

அந்தத் தொழில் நேர்த்தியைத் தாங்கள் பார்த்திருக்க வேண்டும். டேங்க்கில் தண்ணீரை நிரப்பி வைத்துக்கொண்டு, நெருப்புப் படும் இடத்தை மட்டும் தண்ணீருக்கு மேலே வரும்படி சாய்த்துச் சாய்த்து, அடிப்பக்கத்தைப் பெட்டி மூடி மாதிரி வெட்டித் திறந்தார். உள்ளே மாமனார் காலத்துத் துரு படுகை படுகையாக இருந்தது. அதைச் சுரண்டி எடுத்துவிட்டு, ஓட்டைகள் போட்ட தகடுகளைத் தடுப்புச் சுவராக வைத்து ஒட்டினார். அடியில் நான் காகிதத்தில் வரைந்து கொடுத்த அதே அளவில் ஒரு கிண்ணம். அந்தக் கிண்ணத்துக்குள் குழாய். குழாய்க்கு முன்னால் சல்லடை. பழைய பம்ப்போடு கூட, பின்னாலிருந்து தள்ளிக்கொடுக்க ஒரு மின்சாரப் பம்ப், சாவியைத் திருப்பினால் 'ம்ம்ம்' என்று சம்மதம் சொல்கிறது. வேலை முடிந்ததும் சர்ஜன் ஓர் அடி பின்னால் போய் நின்று பார்த்து, "சார், இனிமே இதைத் தலைகீழாத் தொங்கவிட்டாலும் பெட்ரோல் வரும்" என்றார். திட்டம் யாருடையது என்று அங்கே வந்த ஒவ்வொருவரிடமும் அவராகவே சொன்னார். சொல்ல மறந்த இரண்டொருவரிடம் நான் சொன்னேன்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். நேற்று முன்தினம் காலையில் வண்டியை எடுத்தேன். தங்கள் தங்கை வழக்கம்போலப் புடவை மாற்றிக்கொண்டு வந்து கதவில் கை வைத்தாள். "இன்னைக்கு நீ வர வேண்டாம். இது கைராசி வண்டி இல்ல, இன்ஜினீயரிங் வண்டி. தனியா ஓட்டித்தான் நிரூபிக்கணும்" என்றேன். "சரி" என்று சொல்லிக் கையை எடுத்துக்கொண்டாள். நான் கிளம்பினேன். ரயில்வே கேட்டைத் தாண்டினேன், விக்கல் இல்லை. பாலத்தைத் தாண்டினேன், இருமல் இல்லை. தொழிற்சாலை வாசலில் வேண்டுமென்றே ஹாரன் அடித்து, காவலாளி எழுந்து நின்று பார்க்கும்படி போனேன். அதற்கப்புறம் ஊரைத் தாண்டி, நீர்த்தேக்கத்துக்கு ஏறும் மலைப்பாதை, வளைவுக்கு மேல் வளைவு, ஒவ்வொன்றிலும் ஒடித்துத் திருப்பினேன். உச்சி வரைக்கும் ஒரே மூச்சு! மேலே போய் நிறுத்திவிட்டு, "பார்த்தாயா?" என்று பக்கத்தில் திரும்பிச் சொன்னேன். சீட்டு காலியாக இருந்தது. என் மூக்குக்கண்ணாடிக் கூடு மட்டும் வளைவுகளில் உருண்டு உருண்டு அந்தச் சீட்டின் ஓரத்தில் கிடந்தது. அவ்வளவு பெரிய வெற்றியை உடனே யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. அங்கே ஆடு ஓட்டிக்கொண்டு போன ஒருவரிடம் டேங்க்கின் உள்ளமைப்பைச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு மணி என்ன என்று கேட்டார். திரும்பி வரும்போதும் வண்டி எங்கேயும் நிற்கவில்லை. தெருவுக்குள் நுழைந்தபோது எதிர்வீட்டுக்காரர், "அக்கா வரலியா சார்?" என்றார். "தேவைப்படல" என்றேன். இத்தனை மாதத்தில் நான் பேசியதிலேயே எனக்குப் பிடித்த வார்த்தை அதுதான்.

ஆகவே, மைத்துனரே, ஓட்டல்காரருக்கு இனி இங்கே வேலை இல்லை என்று தாங்கள் சொல்லிவிடலாம். பூந்தொட்டிக்கு நடுவில் நிறுத்த அவர் வேறு ஏதாவது வண்டி பார்த்துக்கொள்ளட்டும். வாய்ச்சொல்லை நம்ப வேண்டாம், கண்ணால் பாருங்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை நானே வண்டியை ஓட்டிக்கொண்டு தங்கள் வீட்டு வாசலில் வந்து இறங்குகிறேன். தங்கள் தங்கையை அழைத்து வரப்போவதில்லை. அவளுக்குத் தங்களைப் பார்க்க ஆசைதான், வண்டி தங்கள் ஊர்ப்பக்கம் போகப்போகிறது என்று தெரிந்ததும் பெட்டியைக்கூட இறக்கி வைத்துவிட்டாள். ஆனால் அவளும் வந்தால், வண்டி வந்து சேர்ந்ததே அவள் கைராசியால் என்று நாளைக்கே ஊர் சொல்லும், தாங்களும் சொல்வீர்கள். இந்த ஒரு தடவை மட்டும் நான் தனியாக வந்தாக வேண்டும். இதை எடுத்துச் சொன்னேன். அவள் பெருந்தன்மையாக எடுத்துக்கொண்டாள். பெட்டியைத் திரும்பப் பரணில் வைத்துவிட்டு, "தூரமாப் போறீங்க, டேங்க் ரொம்ப ரொம்பப் பெட்ரோல் போட்டுக்கிட்டுப் போங்க" என்று மட்டும் சொன்னாள். அவளுடைய அக்கறை எப்போதும் அப்படி. வண்டியைத் தாங்கள் நேரில் பார்த்து மனம் நிறைந்தால், அதை என் பெயருக்கு எழுதிக் கொடுப்பது பற்றி அன்றைக்கே பேசிக்கொள்ளலாம்.

வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கத்தையும் சின்னவர்களுக்கு என் ஆசிகளையும் சொல்லவும். தாங்கள் தேக ஆரோக்கியத்துடன் இருந்து, என்னைப் போலவே எந்த ஆபரேஷனும் இல்லாமல் பல்லாண்டு வாழ வேண்டும். இந்தக் கடிதத்தின் உறையை என் அரக்கால் நானே மூடியிருக்கிறேன். தங்கள் கை படும் வரையில் இதற்குள் காற்றுகூடப் புகாது.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
தலைநிமிர்ந்து நிற்கும் மாப்பிள்ளை

பின்குறிப்பு:

அண்ணா, நான்தான். அரக்கு வெச்ச கவரைத் திறக்கறது ஒண்ணும் பெரிய வித்தை இல்ல. கொண்டை ஊசியை அடுப்புல காட்டிட்டு மெதுவா விட்டா வழிவிட்டுடும். தபால்ல சேர்க்கச் சொல்லி என்கிட்டதான் கொடுத்தாரு, அதான் நாலு வரி எழுதிட்டு மறுபடி ஒட்டிடறேன்.

டேங்க் மூடில இருந்தது துரு ஓட்டை இல்லண்ணா. காத்து போக வெச்ச ஓட்டை. குக்கர் வெயிட்டு அடைச்சுக்கிட்டா என்ன ஆகும்னு தெரிஞ்ச யாருக்கும் இது தெரியும், இங்க அது தலைகீழா நடக்குது, அவ்வளவுதான். உள்ள காத்து போகலைன்னா பெட்ரோல் எப்படி வெளிய வரும்? ரயில்வே கேட்டுல நான் மூடியைத் திறந்தப்பவே 'புஸ்'ஸுன்னு இழுத்துச்சு. பாலத்துலயும் 'புஸ்'. தொழிற்சாலை வாசல்ல திறக்கறதுக்கு முன்னாடியே எனக்கு விஷயம் புரிஞ்சிருச்சு. கைராசியும் இல்ல ஒண்ணும் இல்ல.

ஏன் சொல்லலைன்னு நீ கேப்ப. கல்யாணமான நாள்லருந்து இந்த மனுஷன் காலையில போனா ராத்திரிதான் வருவாரு. லீவு நாள்ல மூடியைப் பத்திப் படிப்பாரு. இந்த வண்டி வந்தப்புறம்தாண்ணா பேப்பர் வாங்கப் போறதுக்குக்கூட 'நீயும் வா'ன்னு கூப்பிட்டாரு. அப்பா வண்டில முன் சீட்டுல உக்காந்து கண்ணாடியை இறக்கிட்டா எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். ஓட்டையைப் பத்திச் சொல்லியிருந்தா அன்னைக்கே என்னை வீட்டுல விட்டுட்டுப் போயிருப்பாரு. கடைசில நான் சொல்லாமலே விட்டுட்டுத்தான் போனாரு.

அன்னைக்குத் தனியாப் போறேன்னு முந்தின நாளே தையற்காரம்மாகிட்ட பெருமையடிச்சுக்கிட்டிருந்தாரு. மலைப்பாதையில ஒத்தையா நின்னுபோனா யாரு இறங்கித் திறப்பா? மனசு கேக்கல. மூடி ஜன்னல்ல காஞ்சுக்கிட்டிருந்துச்சு. இதே ஊசியைச் சுட வெச்சு அரக்குல ஒரு குத்து. அதனாலதான் உச்சி வரைக்கும் ஒரே மூச்சுல போனாரு. வந்து இறங்கினப்ப அந்த முகத்தை நீ பாத்திருக்கணும்ணா, நான் அழுதுட்டேன். அதுக்காக நீ அவரைக் கேலி பண்ணாத. நீ பாக்கறப்ப டேங்க்கை நல்லாப் பாராட்டு. தடுப்புச் சுவர், கிண்ணம், எல்லாத்தையும் கேளு. வேலை நெஜமாவே நல்லாத்தான் இருக்கு, அதுக்குத் தேவைதான் இல்ல.

ஓட்டல்காரரை வர வேண்டாம்னு சொல்லிடு. வண்டிக்கு என்னைக்குமே ஒரு கேடும் இல்ல. எழுதிக் கொடுக்கறதா இருந்தா என் பேருக்கு எழுது.

ஞாயித்துக்கிழமை சமையலை ரெண்டு பேருக்குச் சேத்தே வை. அவரு மேசை இழுப்பறையிலருந்து அரக்கை எடுத்து அந்த ஓட்டையை மறுபடி அடைச்சுட்டேன். டேங்க் ரொம்பி இருந்தா உள்ள காத்துக்கு இடம் கம்மி, சீக்கிரமே நின்னுடும். ரயில்வே கேட்டுகூடத் தாண்டாது, அங்கருந்து வீட்டுக்கு நடக்கற தூரம்தான். திரும்பி வந்து வாசல்ல நின்னு, எங்கயோ பாத்துக்கிட்டு, 'நீயும் வா'ம்பாரு. நான் புடவை மாத்தி, பெட்டியை இறக்கி வெச்சு, கொண்டை போட்டு ஊசியைச் சொருகிக்கிட்டு ரெடியா உக்காந்திருப்பேன்.